இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

எங்கள் ஊரான ஆலங்குளத்துக்குக் கியர் பெட்டித் தொழில் சிமெண்ட் லாரியோடு வந்தது. 1970-ல் தமிழக அரசின் டிட்கோ நிறுவனம் இங்கே சிமெண்ட் ஆலையைத் தொடங்கியது. 1976-ல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் உருவானபோது ஆலை அதன் கைக்குப் போனது. அதற்கு முன்னால் இந்தக் கரிசல் காட்டில் பருத்தியும் மிளகாயும் ஏற்றிய மாட்டு வண்டிதான் அதிகம் என்று அப்பா சொல்வார். அவர் ஆலையில் மூட்டை ஏற்றும் வேலை பார்த்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவம் வரைக்கும் சாம்பல் நிறம் படிந்திருக்கும். நான் ஆலைக்குள் போகவில்லை. ஆலை வாசலில் வரிசைகட்டி நின்ற லாரிகளின் அடியில் படுத்துத் தொழில் படித்தேன்.

அந்த லாரிகள் பெரும்பாலும் டாடாவும் லேலண்டும்தான். டாடாவின் டெல்கோ நிறுவனத்துக்கும் டைம்லர் பென்ஸுக்கும் 1954-ல் ஏற்பட்ட கூட்டு 1969-லேயே முடிந்துவிட்டது. ஆனாலும் எங்கள் டிரைவர்கள் வெகுகாலம் அதை 'டாடா பென்ஸ்' என்றுதான் சொன்னார்கள். பழைய பெட்டிகளில் கியர் தானாகச் சேராது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, அளவாக ரேஸ் கொடுத்து, மறுபடி மிதித்துத்தான் அடுத்த கியரைப் போட வேண்டும். டபுள் கிளட்ச் என்பது அதுதான். ரேஸ் கொஞ்சம் பிசகினால் பற்கள் ஒன்றையொன்று அரைக்கிற சத்தம் முக்கு ரோடு வரைக்கும் கேட்கும். அரைபட்ட பல்லின் தூள் ஆயிலில் கலக்கும், அது பேரிங்கைத் தின்னும். சுமை ஏற்றிய லாரியின் பாதி ஆயுள் டிரைவரின் இடது காலில் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி ராஜபாளையத்துக்காரர். அவரிடம் ஒரு முழ நீளத்தில் ஒரு ஸ்குரூ டிரைவர் உண்டு. இன்ஜினை ஓடவிட்டு, அதன் முனையைப் பெட்டியின் பேரிங் இருக்கிற இடத்தில் ஊன்றி, மரக் கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். இன்புட் ஷாப்டா, லே ஷாப்டா, பின்பக்கப் பேரிங்கா என்று அப்படியே சொல்லிவிடுவார். பெட்டியை இறக்கிப் பார்த்தால் அவர் சொன்ன பேரிங்கில்தான் குழி விழுந்திருக்கும். கையாட்கள் அவசரப்பட்டு ஸ்பானரை எடுத்தால், "டே, பெட்டியைத் தெறக்கிறதுக்கு முந்தி டிரைவரப் பேச விடு" என்பார். எப்போது சத்தம் வருகிறது, சுமையோடா வெறும் வண்டியிலா, சூடேறின பிறகா, ஏற்றத்திலா என்று அவர் கேட்கிற கேள்விகள் ஒரு டம்ளர் டீ ஆறும்வரை நீளும். எங்கள் தொழிலின் மிகப் பெரிய சொத்து அந்தக் கேள்விகள்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். கோளாறு காட்டும் ஸ்கேனர் வந்த பிறகு அந்தச் சொத்தைப் பலர் கைவிட்டுவிட்டார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கார் என்பது அந்தக் காலத்தில் சிவகாசி முதலாளிமாரின் அம்பாசடரும் ஃபியட்டும்தான். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்ததிலிருந்து வளர்ந்த ஊர் சிவகாசி. வெளியூர் போய்க் கற்றுவந்து சொந்த ஊரில் செய்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. அம்பாசடரிலும் ஃபியட்டிலும் கியர் லீவர் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும். லீவருக்கும் பெட்டிக்கும் நடுவே கம்பிகள், புஷ்கள். புஷ் தேய்ந்தால் லீவர் ஓர் இடத்திலும் கியர் வேறு இடத்திலும் நிற்கும். நடுரோட்டில் பூட்டிக்கொண்டால் டிரைவர் பானெட்டைத் திறந்து கையாலேயே கம்பியைத் தள்ளிவிட்டுக் கிளம்புவார். பெட்டிக்குள் எந்தக் குற்றமும் இருக்காது. கியர் விழவில்லை என்றால் பெட்டி போய்விட்டது என்று அர்த்தமில்லை என்ற பாடத்தை நான் அங்கேதான் படித்தேன். பின்னால் ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு அது அப்படியே பொருந்தியது.

தானாகக் கியர் மாற்றும் பெட்டியின் கதை கப்பலில் தொடங்குகிறது. ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். கப்பலின் டர்பைன் மிக வேகமாகச் சுற்றும், அடியிலிருக்கும் விசிறியோ மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவே இரும்பை இரும்போடு கோக்காமல், திரவத்தைக் கொண்டு விசையைக் கடத்தினார். எதிரெதிராக வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றைப் போட்டால் அதன் காற்றில் மற்றது சுழலும் அல்லவா, அதுதான் கதை, காற்றுக்குப் பதில் ஆயில். இன்றைக்கு டார்க் கன்வர்ட்டர் என்று நாம் சொல்வது அதன் வாரிசு. கிளட்ச் மிதிக்கு வேலை போனதும் அதனால்தான்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல் அறிவித்து 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வைத்து விற்ற ஹைட்ராமேட்டிக்தான் பெருமளவில் விலைக்கு வந்த முதல் முழு ஆட்டோமேட்டிக் பெட்டி. போர்க்காலத்தில் அதே பெட்டியை டாங்கிகளிலும் வைத்தார்கள். அதில் எலெக்ட்ரிக் மூளை எதுவும் இல்லை. வேகம் கூடினால் ஒரு கவர்னர் ஆயில் அழுத்தத்தைக் கூட்டும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்னொரு வால்வு எதிர்ப்பக்கம் தள்ளும். எந்த அழுத்தம் வெல்கிறதோ அதற்கேற்ப ஒரு சின்ன வால்வு நகர்ந்து அடுத்த கியருக்கு வழி திறக்கும். முழுக்க முழுக்க ஆயிலே யோசித்து ஆயிலே முடிவெடுத்த இயந்திரம் அது. அப்படி வால்வுகள் அடங்கிய வால்வ் பாடி ஒன்றை முதன்முதலில் பிரித்து, அதன் உள்வழிகளைப் பார்த்தபோது எனக்கு உண்டான மரியாதை இன்னும் குறையவில்லை.

பெரிய இன்ஜினுக்கு இதெல்லாம் சரி. திரவத்தில் கொஞ்சம் விசை வீணாவது எட்டு சிலிண்டருக்குத் தெரியாது, சின்ன இன்ஜினுக்கோ மூச்சு வாங்கிவிடும். அதனால் சின்னக் காரில் ஆட்டோமேட்டிக் தாமதமாகத்தான் வந்தது. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-ல் கியரே இல்லாமல் பெல்ட்டும் விரிந்து சுருங்கும் கப்பிகளும் கொண்ட காரைக் காட்டியது. இங்கிலாந்தில் 1965-ல் மினிக்கு நான்கு கியர் ஆட்டோமேட்டிக் வந்தது. இடப் பற்றாக்குறையால் இன்ஜினுக்கும் பெட்டிக்கும் ஒரே ஆயில். இன்ஜின் கரியெல்லாம் கியர் வால்வுகளுக்குள்ளும் போகும் என்றால், ஆயில் மாற்றத் தவறியவரின் வண்டி என்ன பாடுபட்டிருக்கும்!

இந்த வழியில் எங்கள் ஊருக்கு முதலில் வந்தவை கார்கள் அல்ல. 1980-ல் வந்த டி.வி.எஸ். 50-ல் கியரும் இல்லை, கிளட்ச் லீவரும் இல்லை. தீப்பெட்டிக் கட்டு, தண்ணீர்க் குடம், மூன்று பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் அது சுமந்தது. 1984-ல் வந்த கினெடிக் ஹோண்டாவில் டாஃபின் பெல்ட் தத்துவமே சின்ன உருவத்தில் இருந்தது. பெல்ட் தேய்ந்து, ரோலர் ஒருபக்கம் தட்டையாகி, ரேஸ் ஏறியும் வண்டி நகராத ஸ்கூட்டர்களைச் சரிசெய்த பையன்கள்தான் பின்னால் ஆட்டோமேட்டிக் காரைக் கண்டு பயப்படாதவர்கள். இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

காரைப் பொறுத்தவரை 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் ஊரின் கால் பழக்கமே மாறியது. 1993-ல் ஜென். சில வருஷம் கழித்து ஜென்னில் மூன்று கியர் ஆட்டோமேட்டிக் வந்தது. சாண்ட்ரோவிலும் வந்தது. 2008-ஐ ஒட்டி ஐ10-ல் நான்கு கியர். விலை கூடுதல், மைலேஜ் குறைவு என்பதால் இந்த வட்டாரத்தில் அவற்றை வாங்கியவர்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் பேர் யார் என்பதுதான் முக்கியம். முழங்கால் தேய்ந்த ஓய்வுபெற்ற அலுவலர்கள். பக்கவாதத்தில் இடது பக்கம் பலம் குறைந்தவர்கள். வெடி விபத்தில் காலை இழந்த ஒருவர். எல்லோரையும்விட அதிகமாக, 1995-ல் நாடு முழுக்கச் சொட்டு மருந்து முகாம்கள் தொடங்குவதற்கு முன்னால் பிறந்து, போலியோவில் இடது கால் சூம்பியவர்கள். பெருநகரத்தில் ஆட்டோமேட்டிக் கார் ஒரு சொகுசு. எங்கள் பக்கத்தில் அது ஒரு கால்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பெட்டியில் ஏதாவது கோளாறு என்று போனால், பல பட்டறைகளில் கிடைத்த பதில்: "ஆட்டோமேட்டிக்கா? செலவு தாங்காது. மேனுவல் பெட்டி பழசு ஒண்ணு கெடைக்கும், மாத்திருவோம்." அப்படி மாற்றிய வண்டிகள் உண்டு. மாற்றிய பிறகு அதன் சொந்தக்காரர் பக்கத்து இருக்கைக்குப் போய்விடுவார், ஓட்ட ஓர் ஆள் வைக்க வேண்டும். கோளாறு என்னவென்று பார்க்காமலே ஒருவரின் நடமாட்டத்தை எடுத்துக்கொள்கிற வேலை அது.

ஒரு டீச்சரின் ஐ10 அப்படித்தான் என்னிடம் வந்தது. பழைய வண்டியாக வாங்கியது, வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போய்வருவார். வேறு ஊர்ப் பட்டறை ஒன்றில் பெட்டியே போய்விட்டது, வண்டி விலையில் பாதிக்கு மேல் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். டீச்சர் வண்டியிலிருந்து இறங்கவில்லை. "அண்ணே, இத மேனுவலா மாத்தணும்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றார்.

மேஸ்திரியின் வழக்கப்படி கேட்டேன். "எப்பம்மா கோளாறு வருது?"

"காலைல நல்லா இருக்கும்ணே. கொஞ்ச தூரம் போனதும், மேடு பள்ளத்துல ஒரு குலுக்கல் குலுக்கும். அப்புறம் எடுப்பே இருக்காது. சத்தம் மட்டும் ஏறும், மாடு மாதிரி நகரும். வேகம் புடிச்சிட்டா சரியாப் போகும்."

"ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுனா?"

"அப்பச் சரியாயிரும். மறுபடி எங்கயாவது குலுங்குனா அதே கததான்."

பாதி வேலை அங்கேயே முடிந்தது. உள்ளே கிளட்ச் தகடு தேய்ந்திருந்தால் சாவியைத் திருப்பி அணைத்துப் போடுவதால் அது வளர்ந்துவிடாது. அணைத்துப் போட்டால் சரியாகிற நோய் பெரும்பாலும் மின்சார நோய். இருந்தாலும் வரிசையை விடக் கூடாது. வண்டியை ராஜபாளையம் ரோட்டில் சூடேறும்வரை ஓட்டிவிட்டு, சமதரையில் நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே லீவரை ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் நிறுத்திக் கடைசியில் நியூட்ரலில் வைத்து, டிப் ஸ்டிக்கை உருவினேன். இந்த ஆயிலைச் சூட்டில், இன்ஜின் ஓட ஓடத்தான் பார்க்க வேண்டும். சூடேறும் முன்பே குளிர்ச்சியில் பார்த்து, குறைகிறதென்று ஊற்றி ஊற்றி, நுரை கட்டவைத்துக் கெடுத்த பெட்டிகள் ஏராளம். சொட்டை வெள்ளைத் தாளில் விட்டேன். சிவப்பு மங்கிப் பழுப்பாகியிருந்தது, ஆனால் கருகல் வாடை இல்லை, இரும்புப் பொடியும் இல்லை. தகடுகள் பிழைத்திருக்கின்றன.

பிறகு பிரேக்கை அழுத்திக்கொண்டு நியூட்ரலிலிருந்து டி-க்குப் போட்டேன். கோளாறு வந்திருந்த நேரம், 'தொம்' என்று ஓர் அடி அடித்தது. ரிவர்ஸ் குறையில்லாமல் பிடித்தது. புறப்பட்டால் இழுவை இல்லை, இடையில் எந்த மாற்றமும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே வண்டி மூன்றாம் கியரில் ஓடுகிறது.

ஹைட்ராமேட்டிக் காலத்தில் ஆயில் செய்த யோசனையை 1980-களிலிருந்து கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது. சென்சார்கள் வேகம் சொல்லும், கம்ப்யூட்டர் முடிவெடுக்கும், சோலினாய்டு என்ற மின்சார வால்வுகள் ஆயிலைத் திருப்பிவிடும். ஆனால் வடிவமைத்தவர்கள் பழைய தலைமுறையின் வழியை முழுசாகக் கைவிட்டுவிடவில்லை. சென்சார் பொய் சொல்கிறது என்று சந்தேகம் வந்தால் கம்ப்யூட்டர் சோலினாய்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். அப்போது வெறும் ஆயில் அழுத்தத்திலேயே மூன்றாம் கியரும் ரிவர்ஸும் மட்டும் கிடைக்கும். தகடு நழுவாமலிருக்க அழுத்தம் உச்சத்தில் நிற்கும், அந்தத் 'தொம்' அதனால்தான். டீச்சரின் வண்டி கெட்டுப்போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டு அவரை வீடு சேர்த்துக்கொண்டிருந்தது. இதைப் பெட்டி போனதன் அடையாளமாக எடுத்துக்கொள்வது மிகப் பெரிய அநியாயம்.

ஸ்கேனரை மாட்டினேன். பி 0715 என்ற கோளாறுக் குறியீட்டைக் காட்டியது, அதாவது பெட்டிக்குள் நுழையும் வேகத்தைச் சொல்லும் சென்சாரின் சுற்றில் குறை. அதைப் பார்த்ததும் சென்சாரை வாங்கிப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. குறியீடு சொல்வது சென்சாரை அல்ல, சுற்றை. சென்சார், பிளக், வயர், கம்ப்யூட்டர் என்று நான்கு இடங்களில் எதுவாகவும் இருக்கலாம். பேட்டரியைக் கழற்றித் தட்டைத் தூக்கினேன். அடியில் மக்காச்சோளத் தட்டையும் பஞ்சும் சேர்த்து ஒரு எலிக் கூடு. அறுவடை முடிந்து காடு காலியானால் எலிகள் வீட்டுப் பக்கம் வரும், ராத்திரி சூடாக நிற்கும் கார் இன்ஜின் அவற்றுக்கு நல்ல இடம். வயர்க் கட்டின் மேலுறை கடிபட்டு, ஒரு வயரில் இரண்டு மூன்று இழைகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. மல்டிமீட்டரை வைத்துவிட்டு வயரை லேசாக ஆட்டச் சொன்னேன், பையன் ஆட்ட ஆட்ட முள் விழுந்து எழுந்தது. டீச்சர் சொன்ன குலுக்கல் அதுதான்.

கடிபட்ட இடத்தை வெட்டி, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டு, வயர்க் கட்டை உயர்த்திக் கட்டினோம். வேறு ஏதும் செய்யவில்லை. வண்டி மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக மாறியது. பல்லாயிரம் ரூபாய் சொன்ன இடத்தில் ஒரு முழம் வயர்.

ஆயிலை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். அந்தச் சிவப்பு ஆயிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. உள்ளே தகடுகள் நழுவவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும், இரண்டும் அளவாக. அந்த அளவுக்காக அமெரிக்காவில் வெகுகாலம் எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பைக் கலந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அந்தத் திமிங்கிலத்தைக் காக்கச் சட்டம் வந்தபின் ரசாயனக் கலவைகள் அந்த இடத்தைப் பிடித்தன. ஒவ்வொரு நிறுவனமும் தன் தகடுக்கு ஏற்ற கலவையை வகுத்துக்கொண்டது. ஐ10-க்கு எஸ்.பி. 3 வகை. சிவப்பாக இருக்கிறதே என்று எந்த ஆயிலையும் ஊற்றினால் கியர் மாறும்போது நடுக்கம் வரும், பிறகு எல்லோரும் பெட்டியைத்தான் குறை சொல்வார்கள். வடித்தாலும் பாதிக்கு மேல் கன்வர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் வடித்து ஊற்றி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி வடிக்க வேண்டும்.

2014-ல் செலெரியோவோடு வந்த ஏ.எம்.டி. வேறு குடும்பம். உள்ளே சாதாரண மேனுவல் பெட்டியும் கிளட்ச் பிளேட்டும்தான், மிதிக்கிற வேலையையும் லீவர் தள்ளுகிற வேலையையும் மட்டும் ஓர் இயந்திரக் கை செய்கிறது. விலை குறைந்ததால் ஆலங்குளம் பக்கமே இப்போது நிறைய ஓடுகின்றன. எங்களுக்கும் அது கைவந்த பெட்டி. ஏற்றத்தில் பின்னால் உருள்கிறதா, கிளட்ச் வாடை வருகிறதா என்ற கேள்விகளும் லாரிக் காலத்துக் கேள்விகளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன.

பழைய ஆட்டோமேட்டிக் ஒன்றை விலைக்குப் பார்க்கிறவர்கள் இப்போது அடிக்கடி வருகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது: ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் முதல் ஆளாக நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள். ரிவர்ஸ் போட்டுவிட்டு எண்ணுங்கள். ஒன்று, இரண்டு என்பதற்குள் பிடிக்காவிட்டால் காரணம் கேளுங்கள். சூடேறின பிறகு அதையே இன்னொரு தடவை செய்யுங்கள். எந்த ஆயில், எப்போது ஊற்றியது என்று பில்லோடு காட்டச் சொல்லுங்கள். பேட்டரித் தட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். விற்கிறவர் தயங்கினால் வண்டியை என்னிடம் கொண்டுவாருங்கள், ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்.